செல்லாத நாடுகள்

இராஜபாளையத்திலிருந்து கிழக்கே ஆலங்குளம் போகும் சாலையில் இருக்கிறது சத்திரப்பட்டி. பேருந்தைவிட்டு இறங்கியதும் விசைத்தறிச் சத்தம் காதை நிறைத்துவிடுகிறது. இங்கே ஓடுவது வேட்டியோ சேலையோ இல்லை. புண்ணுக்குக் கட்டுகிற துணி. சத்திரப்பட்டியிலும் பக்கத்துச் சமுசிகாபுரத்திலும் தறி வைத்திருப்பவர்களில் பலருக்கு பேண்டேஜ் துணிதான் பிழைப்பு. தறியிலிருந்து இறங்கும்போது பழுப்பாக, கஞ்சி வாடையோடு இருக்கும். அதை வெளுத்து, காயவைத்து, வெட்டி, சுருட்டி, பொட்டலம் போடுகிறார்கள். ஒரு துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இழைக்கும் இழைக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி, உள்ளங்கை ரேகை துணிவழியாகத் தெரிகிறது. நெருக்கி நெய்தால் வேட்டிக்கு ஆகும், மருந்துக்கு ஆகாது என்றார் தறிக்காரர். காற்று போக வேண்டும், ரத்தத்தை உறிஞ்ச வேண்டும், பிரிக்கும்போது புண்ணோடு ஒட்டிக்கொள்ளவும் கூடாது.

எந்தெந்த நாட்டுக்குப் போகிறது என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஏற்றுமதி பண்றவங்களைக் கேக்கணும் சார். நாங்க நெய்யுறோம், அவங்க அனுப்புறாங்க. ஆனா ஒண்ணு, சண்டை நடக்கிற ஊருக்குத்தான் ஜாஸ்தி வேணும். கட்டுப் போட ஆள் அங்கதானே இருக்கான்?”

1990 ஆகஸ்ட் 6 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை ஈராக்மீது போட்ட 661ஆம் தீர்மானம் உலகம் கண்ட கடுமையான வணிகத் தடைகளில் ஒன்று. எண்ணெய் வாங்கக் கூடாது, எதையும் விற்கக் கூடாது, பணம் அனுப்பக் கூடாது. அந்தத் தீர்மானத்திலும் மருந்துப் பொருளுக்கு விலக்கு வைத்திருந்தார்கள். அதாவது, சத்திரப்பட்டித் துணி மாதிரியான சரக்குக்கு முற்றுகைக்குள்ளும் வழி உண்டு. துணியை நெய்தவர் அதே ஊருக்குப் போக நினைத்தால் அவர் கதை வேறு. சரக்குக்கு ஒரு சட்டம், ஆளுக்கு ஒரு சட்டம். “இந்த நாட்டுக்கு நீ போகக் கூடாது” என்று ஒரு குடிமகனிடம் அவனுடைய சொந்த அரசாங்கமே சொல்லலாமா? சொன்னால், அந்தத் தடையின் விலையை யார் கொடுக்கிறார்கள்? பருத்தியும் பால்கோவாவும் நாயுமாக அறியப்பட்ட இந்தப் பகுதிக்கு இந்தக் கேள்வியோடு வந்ததற்குக் காரணம் உண்டு. அந்தச் சட்டக் கதையின் முதல் அத்தியாயத்தில் ஓர் இராஜபாளையத்துக்காரர் இருக்கிறார்.

பூ.ச. குமாரசாமி ராஜா. 1898இல் பிறந்தவர், காங்கிரஸ்காரர், கதர்க்காரர். 1927 சுற்றுப்பயணத்தில் காந்தி வந்துபோன ஊர் இது. அந்தச் சூட்டில் வளர்ந்த தலைமுறை அவருடையது. ஓமந்தூராருக்குப் பிறகு 1949 ஏப்ரலில் சென்னை மாகாண முதலமைச்சரானார், 1952 ஏப்ரல் வரை இருந்தார். பின்னர் ஒரிசா ஆளுநர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். மன்றத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் முதலில் சொல்வது அதைத்தான். இன்றைய முதலமைச்சர்களின் வீட்டுக் கணக்கை நினைத்துக்கொண்டு கேட்டால் நம்பக் கொஞ்சம் நேரம் ஆகும்.

ஆனால் அவர் ஆட்சியின் இன்னொரு பக்கத்தை மன்றத்தில் யாரும் எடுத்துப் பேசவில்லை. கம்யூனிஸ்டுகளை அந்த அரசு விட்டுவைக்கவில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் செத்தார்கள். அதே ஆண்டில் ‘சென்னை அரசு’ எதிர்வாதியாக இரண்டு வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஒன்று, விசாரணையில்லாமல் காவலில் வைக்கப்பட்டிருந்த ஏ.கே. கோபாலன் போட்டது. இன்னொன்று, ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்ற உத்தரவை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் போட்டது.

மே 19 அன்று கோபாலன் வழக்கில் தீர்ப்பு. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ ஒரு சட்டத்தை முறைப்படி இயற்றிவிட்டால் போதும், அந்தச் சட்டம் நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்க வேண்டியதில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஃபசல் அலி மட்டும் வலுவாக மறுத்தார். தனிமனித சுதந்திரத்தையும் நடமாடும் உரிமையையும் இப்படித் தனித்தனிப் பெட்டிகளில் போட்டுப் பூட்டக் கூடாது என்பது அவர் கட்சி. ஒரு வாரம் கழித்து, மே 26 அன்று, பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அச்சடித்த தாள் மாகாண எல்லையைத் தாண்டலாம், ஆள் சிறைக் கதவைத் தாண்ட முடியாது. குமாரசாமி ராஜாவின் அரசு ஒன்றில் ஜெயித்து ஒன்றில் தோற்றது. நாட்டுக்கு நெடுநாள் நின்றது அவர் ஜெயித்த தீர்ப்புதான்.

பாஸ்போர்ட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், முழுச் சம்பந்தமும் இருக்கிறது. 1967 வரை இந்தியாவில் பாஸ்போர்ட் கொடுப்பதற்கென்று சட்டமே கிடையாது. கொடுத்தால் கொடுப்பார்கள், இல்லையென்றால் இல்லை. சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வியாபாரியிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். எதிர்வாதியாகப் பெயர் சேர்க்கப்பட்ட உதவி பாஸ்போர்ட் அதிகாரி டி. ராமரத்தினம், கேட்டால் நம் பக்கத்துப் பெயர். 1967 ஏப்ரல் 10 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் சேர்த்தி, சட்டமில்லாமல் அதை மறுக்க முடியாது. எழுதியவர் தலைமை நீதிபதி சுப்பா ராவ், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்காக மறுநாளே பதவியை விட்டுவிட்டார்.

சட்டம் இல்லாததுதானே குறை, இதோ சட்டம் என்று அரசு அதே ஆண்டு ஜூனில் பாஸ்போர்ட் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் 19ஆம் பிரிவுதான் நமக்கு வேண்டியது. இந்தியாமீது படையெடுக்கும் நாடு, படையெடுப்பவருக்கு உதவும் நாடு, சண்டை நடந்துகொண்டிருக்கும் நாடு, போனால் நம் வெளியுறவுக்குக் கடுமையாக இடைஞ்சல் வரும் நாடு — இவற்றில் எதையும் மத்திய அரசு ஓர் அறிவிக்கையால் குறித்துவிட்டால் போதும். அந்த நிமிடம் முதல் உங்கள் பாஸ்போர்ட் அந்த நாட்டுக்குச் செல்லாது. தனியே அனுமதிக் குறிப்பு வாங்கினால் ஒழியப் போக முடியாது.

அமெரிக்காவிலும் இதே காலத்தில் இதே சண்டை நடந்தது. லூயிஸ் ஜெமல் என்பவர் கியூபாவில் என்னதான் நடக்கிறது என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பாஸ்போர்ட் அனுமதி கேட்டார். வேறு நோக்கம் எதுவும் அவர் சொல்லவில்லை. 1965இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அனுமதி இல்லை என்றது. பிற்பாடு அமெரிக்க அரசு இன்னும் சாமர்த்தியமாகிவிட்டது. கியூபாவுக்குப் போகாதே என்று சொல்வதில்லை, அங்கே காசு செலவழிக்காதே என்றுதான் கருவூலத் துறை விதி போட்டது. செலவழிக்காமல் எப்படிப் போவது என்பது பயணியின் பாடு.

நம்மிடம் 1978இல் மேனகா காந்தி வழக்கு வந்தது. பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொன்ன அரசு, பொது நலன் கருதி என்பதற்குமேல் காரணம் சொல்ல மறுத்தது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதோடு, குமாரசாமி ராஜாவின் அரசு 28 ஆண்டுகளுக்கு முன் ஜெயித்த தீர்ப்பின் கால் ஒடிந்தது. ஃபசல் அலி 1950இல் தனியாளாகச் சொன்னது ஒரு பாஸ்போர்ட்டால் சட்டமாயிற்று.

இராஜபாளையத்தில் ஒரு பெரியவரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1936இல் இராஜபாளையம் மில்ஸ் வந்ததிலிருந்து இந்த ஊரில் இயந்திரம் பார்க்கக் கடல் தாண்டிய ஆட்கள் ஒரு வரிசையே உண்டு. இங்கிலாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று நூற்பு இயந்திரம் செய்த நாடுகளுக்கெல்லாம் போயிருக்கிறார்கள். பெரியவர் மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பழைய பாஸ்போர்ட்டை எடுத்தார். எழுபதுகளில் வாங்கியது. அட்டை ஓரம் நைந்து நூல் தெரிகிறது. எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும் என்ற பக்கத்தில் ஊதா முத்திரை, கீழே மையால் கிறுக்கிய கையெழுத்து. தென்னாப்பிரிக்கா நீங்கலாக என்ற வாசகத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

“நான் எதுக்குத் தென்னாப்பிரிக்கா போகப் போறேன்? அங்க என்ன மெஷினா செய்யுறான்? ஆனா பாருங்க, போகாதேன்னு எழுதினப்புறம்தான் அது எங்க இருக்குன்னு மேப்புல தேடிப் பாத்தேன்.”

அந்தக் காலத்தில் பயணத்துக்கு அரசு கொடுத்த அந்நியச் செலாவணி பற்றியும் சொன்னார். கையில் எட்டு டாலர். அதை வைத்துக்கொண்டு ஜூரிச்சில் இறங்கி, கம்பெனிக்காரன் கார் வரும்வரை ஒரு காப்பி குடிக்கவும் பயந்து உட்கார்ந்திருந்தாராம். கியூபாவுக்கு அமெரிக்கா போட்ட பணப் பூட்டை நாம் உலகம் முழுமைக்கும் நமக்கு நாமே போட்டுக்கொண்டிருந்தோம். அதைப் பயணத் தடை என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

தென்னாப்பிரிக்கா விஷயம் தமிழருக்குச் சொந்த விஷயம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் இறக்கிய 342 பேரில் தொடங்குகிறது அது. கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள், அப்புறம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு. ஒரே நாட்டுக்குள் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் போக அவர்களுக்கு அனுமதி வேண்டும். 1913 நவம்பர் 6 அன்று காந்தி 2,000க்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு அனுமதியில்லாமல் எல்லையைத் தாண்டினார். நடந்தவர்களில் தமிழ்ச் சுரங்கத் தொழிலாளிகள் ஏராளம். கைக்குழந்தையோடு வந்த பெண்களும் இருந்தார்கள். அதே போராட்டத்தில் எல்லையில் கைதாகிச் சிறை போன தில்லையாடி வள்ளியம்மை, வெளியே வந்த கையோடு 1914 பிப்ரவரி 22 அன்று காய்ச்சலில் இறந்தார். பிறந்தது ஜோஹன்னஸ்பர்க், தில்லையாடியைக் கண்ணால் பார்த்தவரில்லை. பயணத் தடையை மீறிச் செத்த ஒரு தமிழ்ப் பெண் என்று அவரைப் பாடப் புத்தகத்தில் யாரும் அறிமுகப்படுத்துவதில்லை. அதுதான் நடந்தது.

1946இல் இந்தியர் நிலம் வாங்குவதை முடக்கும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா கொண்டுவந்ததும், இந்தியா அந்நாட்டோடு வணிகத்தையே அறுத்தது. ஜூலை 17, 1946. சுதந்திரத்துக்கு ஓராண்டு முன்பு, தில்லியில் இன்னும் வைஸ்ராய் உட்கார்ந்திருந்தபோது! இந்திய ஏற்றுமதியில் ஏறத்தாழ 5 சதவீதம் அந்நாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பட்டினியும் பஞ்சமும் பக்கத்திலிருந்த நாடு அதை ஒரே உத்தரவில் விட்டுக்கொடுத்தது. இனவெறி அரசுக்கு எதிராக வணிக உறவை முறித்த முதல் நாடு இந்தியாதான். பாஸ்போர்ட் முத்திரை அதன் தொடர்ச்சி. முதலில் அரசாங்கம் தன் பெட்டியில் கைவைத்து இழந்தது, அப்புறம்தான் குடிமகனைப் போகாதே என்றது. இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன்.

இழப்பு விளையாட்டுக்காரர்களுக்கும் வந்தது. 1974இல் சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் விஜய், ஆனந்த் உள்ளிட்ட அணி சோவியத் யூனியனைத் தோற்கடித்து டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. எதிரே தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்றது இந்தியா. கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போயிற்று. பிறகு 1987இல் ஸ்வீடனில் இறுதி ஆடி 5-0 என்று தோற்றோம். இன்றுவரை அந்தக் கோப்பை நம் கைக்கு வரவில்லை. பெரியவருக்கு இது முழுக்க மனப்பாடம். “அந்தக் கப்பு நம்ம கப்பு சார். ஆனா கேட்டா, அன்னைக்கு ஆடாததுதான் சரி” என்றார். விளையாடியிருந்தால் தோற்றிருக்கவும் கூடுமே என்றதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

1991 நவம்பரில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி கல்கத்தாவில் வந்து இறங்கியது, 1993 நவம்பரில் தூதரக உறவு திரும்பியது. முத்திரை போயிற்று.

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் அரை மணிக்குள் வந்துவிடும். மேற்கே மலை கூடவே வருகிறது. 1985 வரை இந்தப் பக்கம் முழுவதும் இராமநாதபுரம் மாவட்டம். அந்தப் பழைய மாவட்டத்துக்காரர்களுக்கு வெளிநாடு என்றால் முதலில் இலங்கைதான். ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, கொழும்பில் போய்க் கடை வைப்பார்கள். இலங்கையின் குடிவரவுச் சட்டம் 1949இல் நடைமுறைக்கு வரும்வரை பாஸ்போர்ட் என்ற பேச்சே இல்லை. பிற்பாடு தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் புதுவைக்காரர்களுக்கும் இலங்கைக்கு மட்டும் செல்லும் தனி பாஸ்போர்ட் ஒன்று இருந்தது. உலகம் முழுவதும் செல்லாது, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் மட்டும் செல்லும். ஒரு நாட்டை நீக்கி ஒரு பாஸ்போர்ட், ஒரு நாட்டை மட்டும் சேர்த்து ஒரு பாஸ்போர்ட். இரண்டும் ஒரே அரசாங்கத்தின் அச்சகச் சரக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் வாக்காளர்கள் 1952 தேர்தலில் குமாரசாமி ராஜாவைத் தோற்கடித்தார்கள். முதலமைச்சராக இருந்துகொண்டே தோற்றார். ஆண்டாள் கோயில் தேரடியில் பேச்சுக் கொடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட இது நினைவில்லை. கோபுரத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே குரல்: பதினோரு நிலை, தமிழக அரசின் சின்னத்தில் இருப்பது எங்கள் கோபுரம். சின்னத்தை வரைந்தவர் மதுரை மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தார் என்று ஒரு கட்சி உண்டு. அதை அந்தத் தேரடியில் நின்றுகொண்டு சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. பாஸ்போர்ட் அட்டையில் சிங்கமுகத் தூண் இருக்கிறது. அந்த பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் விசாரணைக்கு வரும் ஏட்டையாவின் காகிதத்தில் இந்தக் கோபுரம் இருக்கிறது. இங்கே பெரும்பாலோருக்கு வெளிநாட்டுப் பயணம் கோபுரத்தில்தான் தொடங்குகிறது.

கோயிலில் ஆண்டாளின் கையில் வைக்கும் கிளியை அன்றாடம் புதிதாகக் கட்டுகிறார்கள். மரவள்ளி இலையால் உடம்பு, மாதுளம்பூவால் மூக்கு. மறுநாள் அது பக்தர் ஒருவருக்குப் போய்விடும். ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது, சித்திரையில் கள்ளழகருக்காக மதுரைக்குப் போகிறது. பால்கோவா எங்கெங்கோ போகிறது. ஊரைவிட்டுப் போகும் எதையும் யாரும் தடுத்துக் கேட்பதாகத் தெரியவில்லை, மலைக்குப் போகிற மனிதரைத் தவிர.

சதுரகிரிக்குப் போக வத்திராயிருப்பு தாண்டித் தாணிப்பாறை போக வேண்டும். அடிவாரத்தில் வனத்துறையின் கதவு. 2015 மே மாதத்தில் திடீரென்று காட்டாற்றில் வெள்ளம் வந்து மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அதிலிருந்து கெடுபிடி கூடிற்று. பல ஆண்டுகள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் மட்டும்தான் கதவு திறந்தது. மழை என்றால் அதுவும் இல்லை. 2021 முதல் இது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் வேறு. புலிக்காகவா, பக்தனுக்காகவா என்று பட்டும்படாமல் ஒரு கேள்வி கேட்டுவைத்தேன். வாசலில் இருந்தவர் சிரித்தார். “மேலே போய் ஏதாவது ஆச்சுன்னா தூக்கிட்டு வரப்போறது நாங்கதானே சார்?”

இதுதான் நாணயமான பதில். ஆபத்தான இடத்துக்குப் போகாதே என்று சொல்கிற அரசு, போனவரைத் தூக்கிவர ஆள் வைத்திருக்கிறது. அதனால் அந்தச் சொல்லுக்கு ஒரு எடை இருக்கிறது. 1990இல் குவைத்திலும் ஈராக்கிலும் சிக்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்கள் கொண்டுவந்து சேர்த்தன. 2015 ஏப்ரலில் ஏமனில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே கடற்படைக் கப்பல்களும் விமானங்களும் போய் 4,600க்கும் அதிகமான இந்தியர்களை மீட்டன. கூடவே பிற நாட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இனிமேல் போகாதீர்கள் என்று அரசு கெஞ்சியிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. கெஞ்சலோடு நிற்கவில்லை. 2017 செப்டம்பர் 26 அன்று அறிவிக்கை வந்தது: ஏமனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் செல்லாது. மீறிப் போனால் பாஸ்போர்ட் பறிபோகும். அதே மாதம் 1ஆம் தேதிதான் அமெரிக்கா வடகொரியாவுக்கு இதேபோலத் தடை போட்டிருந்தது.

தாணிப்பாறைக் கதவில் திறக்கும் நாளாவது எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

ஏமன் தடையின் கூர்மையைக் கேரளத்தின் ஒரு தாய் அனுபவித்தார். சனாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த செவிலியர் நிமிஷா பிரியாவின் தாய் பிரேமகுமாரி. கொலையுண்டவரின் குடும்பத்தோடு இழப்பீடு பேசி மன்னிப்பு வாங்க அந்நாட்டுச் சட்டத்தில் வழி இருந்தது. பேச வேண்டுமானால் போக வேண்டும். போகக் கூடாது என்றது அறிவிக்கை. இந்திய அரசுக்கு அங்கே தூதரகம் இயங்கவில்லை, ஏதாவது நேர்ந்தால் பொறுப்பேற்க முடியாது என்பது அரசின் வாதம். தில்லி உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தலையிட்டது. தன் பொறுப்பில், தன் ஆபத்தில் போகிறேன் என்று எழுதிக்கொடுத்த பிறகு, 2024 ஏப்ரலில்தான் அவரால் போய் மகளைப் பார்க்க முடிந்தது. 2025 ஜூலை 16 என்று குறித்த தண்டனை கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டது. அதன் பின்னும் பேச்சுவார்த்தைக்காக ஒரு குழு ஏமன் போக அனுமதி கேட்டது. வெளியுறவு அமைச்சகம் மறுத்துவிட்டது.

தென்னாப்பிரிக்கத் தடையில் அரசு முதலில் தன் வருமானத்தை இழந்தது. ஏமன் தடையில் அரசு எதை இழந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. மீட்புச் செலவு மிச்சம், பொறுப்பும் மிச்சம். 19ஆம் பிரிவில் அனுமதிக் குறிப்புக்கு இடம் இருக்கிறது. அதை ஒரு தாய்க்குக் கொடுக்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. கோபாலன் காலத்துக் கேள்வி மாறவில்லை, சட்டத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது.

இந்தத் தடை யாரைத் தடுக்கிறது என்பது அடுத்த கேள்வி. கேட்டுப் போகிறவரைத் தடுக்கிறது. கேட்காமல் போகிறவரைத் தடுப்பதில்லை. 2004 ஜூலையில் ஈராக்கில் மூன்று இந்திய லாரி ஓட்டுநர்கள் கடத்தப்பட்டபோது, அவர்களை அனுப்பியது குவைத் கம்பெனி என்பது வெளியே வந்தது. இந்தியாவில் அவர்கள் ஏறிய விமானத்தில் ஈராக் என்று எழுதியிருக்காது. அதன் பிறகு ஈராக்குக்கு ஆள் போகத் தடை வந்தது. ஏஜென்ட்டுகளுக்கு அது பெரிய விஷயமாக இல்லை. துபாய்க்கு விசிட் விசா, அங்கிருந்து இன்னொரு விமானம். சென்னை இமிக்ரேஷன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் துபாய்தான் தெரியும்.

வத்திராயிருப்பிலிருந்து திரும்பும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தது இருபத்தைந்து வயதிருக்கும் பையன். மதுரை பாஸ்போர்ட் ஆபீஸ் போய்விட்டு வந்த கையோடு பாட்டி வீட்டுக்கு வந்தானாம். பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்கள். எட்டாவதோடு நின்றுவிட்டான். அதனால் அவனுக்குக் கிடைக்கப் போவது இ.சி.ஆர். வகை. பத்தாவது தேறாதவர்கள் சவுதி, குவைத், மலேசியா என்று 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனியே கிளியரன்ஸ் வாங்க வேண்டும். 1983ஆம் ஆண்டு எமிக்ரேஷன் சட்டத்தின் ஏற்பாடு இது. படிக்காதவனை ஏமாற்றிவிடுவார்கள் என்ற அக்கறையில் வந்தது. அக்கறை நிஜம்தான். ஆனால் படித்தவன் பாஸ்போர்ட் எங்கும் செல்லும், படிக்காதவனுடையது பாதி வழியில் நிற்கும் என்பதும் நிஜம். 2018 ஜனவரியில் இந்த வகையினருக்கு மட்டும் ஆரஞ்சு நிற பாஸ்போர்ட் கொடுக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதத்துக்குள்ளேயே கைவிட்டார்கள்.

“கிளியரன்ஸ் வாங்கிட்டுப் போறதுதான் தம்பி நல்லது” என்றேன்.

“ஏஜென்ட் அண்ணாச்சி அது வேண்டாம்னுட்டாரு சார். விசிட்ல போய் அங்க மாத்திக்கலாமாம்.”

அங்கிருந்து வேறு எங்கேயாவது, சண்டை நடக்கிற நாட்டுக்கு அனுப்பினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஏமன் என்று பெயரும் சொன்னேன். பயமுறுத்தத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான்.

“சம்பளம் எவ்வளவு சார் அங்க?”